பினாங்கில் எல்லாம் கிடைத்தது

அக்காவின் கடிதங்கள் நீல நிறத்தில் வரும். மடித்து ஒட்டிய விமானத் தபால். ஓரம் கிழிந்தால் இரண்டு வரி போய்விடும் என்பதால் அப்பா சவர பிளேடால் மெதுவாகக் கீறித் திறப்பார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அவர் எதிரே வந்து உட்காருவாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. 'இங்கு அனைவரும் நலம், தங்கள் நலமறிய ஆவல்' என்று அப்பா வாசிக்கும்போது அவள் முகம் அசையாது. அது எல்லாக் கடிதத்திலும் வருவது. அதன் பிறகு வரும் சாமான் பட்டியலுக்குத்தான் அவள் காத்திருப்பாள். காய்ந்த மிளகாய், கொட்டை எடுத்த புளி, கொத்தமல்லி விதை, உளுந்து அப்பளம், வெங்காய வடகம். 'இங்கு இவை கிடைப்பதில்லை. யாராவது வந்தால் கொடுத்தனுப்பவும்' என்பதோடு கடிதம் முடிந்துவிடும். அதற்குக் கீழே பாதித் தாள் காலியாக இருக்கும். அவ்வளவு தூரத்திலிருந்து எழுதுகிறவள் ஏன் பாதித் தாளைக் காலியாக விடுகிறாள் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாங்கள் அயனம்பாக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டி இருந்தோம். தாத்தா காலம்வரை ஏரிக்குக் கீழே இருந்த நிலங்களில் கூலிக்கு நடவு செய்த குடும்பம். அப்பாதான் முதலில் வயலை விட்டு, அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். பிறகு எனக்கும் அங்கேயே தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு சிறிய கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வேலை கிடைத்தது. அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பத்தாவது படித்தவள். அவளைப் பெண் கேட்டு பினாங்கிலிருந்து ஆள் வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. மாப்பிள்ளை தூரத்து உறவு. அவருடைய தாத்தா ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர். இவர் துறைமுகக் கிடங்கில் எழுத்தர். மடிப்புக் கலையாத பேண்ட், மெதுவான பேச்சு, யாரையும் 'நீங்க' என்றே அழைக்கும் பழக்கம். எங்கள் தெருவில் அதுவரை கப்பலேறிப் போன பெண் கிடையாது. பூந்தமல்லியில் ஒரு சத்திரத்தில் கல்யாணம் நடந்தது. பதினைந்தாம் நாள் அக்கா போய்விட்டாள்.

ஆறு வருஷம் அம்மாவின் வாழ்க்கை அந்தப் பட்டியல்களைச் சுற்றியே நடந்தது. பட்டியல் வந்த வாரமே பூந்தமல்லி கடைத்தெருவுக்குப் போவாள். மிளகாயைக் காம்பு கிள்ளி, இரண்டு வெயில் காயவைத்து, பழைய வேட்டித் துணியில் பை தைத்து, வாயை ஊசி நூலால் மூடுவாள். பினாங்குக்குச் சேலை வியாபாரம் செய்யப் போய்வரும் ஒருவர் பூந்தமல்லியில் இருந்தார். அவர் புறப்படும் நாளுக்கு முன்னால் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். வழியில் யார் கேட்டாலும் நின்று சொல்லுவாள். "எம் பொண்ணு கீற ஊர்ல ஒண்ணுமே கெடைக்காதாம். நாந்தான் எல்லாம் அனுப்பிகினு கீறேன்." அதில் வருத்தத்தைவிடப் பெருமைதான் கூடுதல். கடல் தாண்டிய மகளுக்கும் தன் கைதான் சோறு போடுகிறது என்று அவள் நம்பினாள்.

மூன்றாவது வருஷம் பட்டியலில் சுண்டைக்காய் வற்றல் சேர்ந்தது. எனக்கு வியப்பாக இருந்தது. அக்காவுக்குச் சுண்டைக்காய் ஆகவே ஆகாது. குழம்பில் ஒன்று தட்டுப்பட்டாலும் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். அதற்காக அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறாள். "அக்கா இத்த தொடவே தொடாதேமா" என்றேன். அம்மா சிரித்தாள். "அவ்ளோ தூரம் போனா கசப்பக்கூட நாக்கு தேடுது பாரு. பாவம்டி." அந்த முறை மற்ற எல்லாவற்றையும்விட அதைத்தான் இரண்டு பங்காக அனுப்பினாள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கடிதத்திலும் சுண்டைக்காய் வற்றல் இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில், எனக்கு இருபத்துமூன்று வயதானபோது, அம்மாவும் நானும் பினாங்குக்குப் போனோம். அப்பா விடாமல் எழுதி அத்தானிடமிருந்து அழைப்புக் கடிதம் வாங்கியிருந்தார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்கு ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு மாப்பிள்ளை பார்த்து ஏறக்குறைய முடிவாகியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்படியே ஒரு மாதம் ஊர் சுற்றிவிட்டு வரட்டும் என்றார் அப்பா. எங்கள் வாழ்க்கையில் நாங்கள் எடுத்துக்கொண்ட ஒரே விடுமுறைப் பயணம் அது. கப்பலின் மேல்தட்டில், இரும்புத் தரையில் பாய் விரித்து ஒரு வாரம் கிடந்தோம். எனக்கு வாந்தி நிற்கவில்லை. அம்மாவுக்குத் தகரப் பெட்டியைப் பற்றிய கவலை மட்டும்தான். அதில் எங்கள் துணிகள் கால் பங்கு. மீதி முக்கால் பங்கும் மளிகை. கடல் காற்றில் அப்பளம் நமுத்துவிடுமோ என்று நாளுக்கு நாலு தடவை திறந்து பார்ப்பாள்.

அக்காவின் வீடு ஒரு நீண்ட கடை வரிசையின் மாடியில் இருந்தது. கீழே மரச்சாமான் கிடங்கு. பக்கவாட்டில் குறுகலான மாடிப்படி, அதன் அடியில் மடக்கு இரும்புக் கதவு, அதற்கொரு பூட்டு. மேல்படியின் அருகே பிரம்பு நாற்காலியில் அக்காவின் மாமியார் உட்கார்ந்திருப்பார். சாவி அவர் இடுப்பில். அந்த ஊரில் திருட்டு அதிகம் என்று முதல் நாளே சொன்னார். நாங்கள் நம்பினோம். அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. முன்தலையில் முடி கொட்டி வகிடு அகன்றிருந்தது. இருபத்தைந்து வயதுப் பெண் அவள். அம்மா உடனே பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பையாக எடுத்து அவள் மடியில் வைத்தாள். அக்கா ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டாள். எதையும் பிரித்து முகர்ந்து பார்க்கவில்லை. பைகளின் வாயில் அம்மா போட்டிருந்த தையலை மட்டும் விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

அத்தான் எங்களை நன்றாகத்தான் கவனித்தார். ஞாயிற்றுக்கிழமை பாம்புக் கோயிலுக்கும் கடற்கரைக்கும் கூட்டிப்போனார். அக்காவைக் கூப்பிட்டபோது, "அவங்களுக்கு வெயில் ஒத்துக்காது அத்தை" என்றார். அம்மாவும் நானும் அவருடைய நண்பரின் காரில் போனோம். கோயில் வாசலில் படம் எடுத்துக்கொண்டோம். திரும்பி வந்தபோது அக்கா எல்லோருக்கும் சமைத்து வைத்திருந்தாள்.

ஐந்தாம் நாள் அப்பாவுக்குக் கடிதம் போட நான் தனியாக வெளியே வந்தேன். மாமியார் கதவைத் திறந்துவிட்டார். தெருமுனையை நெருங்கும்போதே வாசனை வந்தது. வறுக்காத கொத்தமல்லி, மிளகாய் நெடி, புளி, பெருங்காயம் எல்லாம் கலந்த வாசனை. பூந்தமல்லி கடைத்தெருவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் வருமே, அதே. திரும்பிப் பார்த்தேன். மளிகைக் கடை. தமிழில் பெயர்ப்பலகை. வாசலில் வாயை மடித்துவிட்ட சாக்குகளில் துவரம்பருப்பு, உளுந்து, மல்லி, நீள மிளகாய், குண்டு மிளகாய். கண்ணாடி டப்பாக்களில் அப்பளக் கட்டு, வடகம், மோர்மிளகாய், மணத்தக்காளி. ஒரு கூடையில் சுண்டைக்காய் வற்றல் அரை ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது.

அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷம்தான் பொங்கியது. சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்நிய ஊரில் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல இருந்தது. கடை புதிதாகத் திறந்தது, அக்காவுக்குத் தெரியாது, ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், நாகப்பட்டினத்துப் பக்கம். "எந்த ஊரு தங்கச்சி?" என்றார்.

"மெட்ராஸ் பக்கம். பூந்தமல்லி தெரியுமாண்ணே? அதுக்குப் பக்கத்துல. கடை எப்போ தொறந்தீங்க?"

"எங்க அப்பா தொறந்தது. முப்பது வருஷம் ஆச்சு. யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?"

மாடி வீட்டைக் கையால் காட்டினேன். அங்கிருந்தே தெரிந்தது. "எங்கக்கா அங்க கீறாங்க. உங்க கடைக்கு வருவாங்களே?"

அவர் தராசைக் கீழே வைத்தார். "அந்த வீட்டுப் பெரியம்மா மாசாமாசம் வந்து எல்லாம் வாங்கிட்டுப் போவாங்க. மருமக இருக்குதுன்னு கேள்விதான் தங்கச்சி. ஆறு வருஷமா நான் பாத்ததில்ல. இந்தத் தெருவுல யாரும் பாத்ததில்ல."

கடிதத்தைப் போட்டேனா இல்லையா என்று இன்றுவரை நினைவில்லை. திரும்பி வந்து மதியம் வரை காத்திருந்தேன். சாப்பாட்டுக்குப் பின் மாமியார் நாற்காலியிலேயே கண்ணயர்வார். அம்மாவும் படுத்திருந்தாள். அக்கா சமையலறையில் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "தெருமொனைல கடை கீதேக்கா. எல்லாம் கெடைக்குதே" என்றேன். குழவி ஒரு கணம் நின்றது. மறுபடி அரைக்கத் தொடங்கினாள். அந்தச் சத்தத்துக்குள்ளேயே பேசினாள். அவள் அப்படிப் பேசிப் பழகியிருக்க வேண்டும் என்று பிறகு புரிந்தது.

"கெடைக்கும்டி. எல்லாமே கெடைக்கும்."

"அப்பறம் ஏன் எழுதின?"

"நான் எழுதுறத அவரு படிச்சிட்டுத்தான் ஒட்டுவாரு. அழுவுறேன்னு எழுதினா அது ஊடு வந்து சேருமா? சாமான் வோணும்னு எழுதினா மட்டும் உடுவாரு." குழவியை இழுத்து நிறுத்தி, விழுதை வழித்தாள். "சாமான் எடுத்தாற ஆளு மேல வருவாரு, ஒரு வாட்டி என்னப் பாப்பாரு, பாத்துட்டு நைனாகிட்ட சொல்வாருன்னு நெனச்சேன். இவரு ஹார்பருக்கே போயி வாங்கிகினு வந்துட்டாரு. ஒவ்வொரு வாட்டியும்."

 அவள் மணிக்கட்டுக்கு மேலே வளையல் மறைக்காத இடத்தில் பழைய தழும்பு ஒன்று இருந்தது. கேட்கத் தைரியம் இல்லை.

"அப்பறம்தான் சுண்டக்கா வத்தல் எழுதினேன். நான் அத்த துன்ன மாட்டேன்னு அம்மாக்குத் தெரியுமே. இன்னாடா இது, இவ ஏன் இத்த கேக்குறான்னு ஒரு வாட்டியாச்சும் ரோசன பண்ணும்னு பாத்தேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அம்மா இன்னா சொல்லிச்சு?"

"ரெண்டு பங்கா அனுப்பிச்சிச்சுக்கா."

அக்கா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அந்த ஒரு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

அம்மாவிடம் இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். அத்தான் எங்களை மலை ரயிலில் அழைத்துப்போயிருந்தார். மேலே பூந்தோட்டத்தில் எங்களை உட்காரவைத்துவிட்டுக் குடிக்க ஏதோ வாங்கப் போனார். சொல்லி முடித்ததும், "அவ அப்பிடித்தான். சின்னதுலேந்தே எதையும் பெருசாத்தான் சொல்வா" என்றாள் அம்மா. அவள் பார்வை எதிரிலிருந்த பூக்களின் மேலேயே இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் தலைவலித் தைலம் வாங்க வேண்டும் என்று சொல்லி என்னுடன் கீழே இறங்கினாள்.

கடைக்குள் நுழைந்ததும் அவள் நேராகச் சாக்குகளிடம் போனாள். மல்லிச் சாக்கில் கை விட்டு அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தாள். மிளகாயை ஒடித்துப் பார்த்தாள். புளியைக் கிள்ளி வாயில் போட்டாள். சாமான் வாங்கும்போது அவள் எப்போதும் செய்வதுதான் அது. ஒவ்வொரு சாக்கிலும் தன் மூட்டைகளில் இருந்ததைவிடச் சரக்கு மட்டமாக இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. எல்லாம் முதல் தரம். சுண்டைக்காய் வற்றல் கூடைக்கு வந்தபோது கையை நீட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் அக்கா சொன்னதில் பாதியைச் சொன்னேன். மீதியை அவரே புரிந்துகொண்டார். குரலைத் தாழ்த்தி, "இங்க எங்க சங்கத்துல பெரியவங்க இருக்காங்கம்மா. நாளைக்கே நாலு பேரைக் கூட்டிட்டு வர்றேன். பொண்ண முன்னால நிறுத்திக் கேட்போம். பாஸ்போர்ட்டை வாங்கி உங்க கூடவே கப்பல் ஏத்தி விடுறது எங்க பொறுப்பு. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை நான் எத்தனையோ முறை திருப்பிப் பார்த்துவிட்டேன். அவள் அனுமதி கேட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. அக்கா வந்துவிட்டால் புருஷனை விட்டு வந்தவளின் தங்கை நான். ஆவடிக்காரர்கள் அதற்குள்ளேயே இரண்டு முறை, "மூத்தவ அங்க நல்லா இருக்காளா?" என்று கேட்டிருந்தார்கள். எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. எஸ்டேட் பஸ் நிறுத்தத்தில் ஒருமுறை நின்று பேசியிருந்தோம். இவையெல்லாம் ஒரு நொடியில் என் மனதில் ஓடின. நான் மிளகாய்ச் சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வாணாம்பா" என்றாள் அம்மா. "குடும்பத்து விசயம். மாப்பிள்ளகிட்ட நானே பேசிக்கிறேன்."

பேசினாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது, "மாப்பிள்ள, சின்னவ கல்யாணத்துக்குப் பெரியவள அனுப்பி வைங்க" என்றாள். அத்தான் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "பாஸ்போர்ட்டு நாள் முடிஞ்சிருச்சு அத்தை. புதுசு எடுக்கணும். அடுத்த வருஷம் நானே கூட்டிட்டு வர்றேன்" என்றார். அம்மா தலையாட்டினாள். பரிமாறிக்கொண்டிருந்த அக்கா, என் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள். எனக்கு உள்ளே ஒரு நிம்மதி வந்தது. அப்படி வந்ததை மறைக்க விரும்பவில்லை.

புறப்படும் நாளில் அக்கா துறைமுகத்துக்கு வரவில்லை. படியின் மேலேயே நின்றாள். அம்மா அவள் கன்னத்தை வழித்து, "அடுத்த வருசம் கூட்டியாறேன்னு சொல்லிக்கீறாரு. அதுவரிக்கும் பல்லக் கடிச்சிகினு இரும்மா" என்றாள். "சரிமா. இனிமே ஒண்ணும் அனுப்பாத" என்றாள் அக்கா. அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னிடம், "கல்யாண போட்டோ அனுப்பு" என்றாள். நாங்கள் கீழே இறங்கியதும் மாமியார் மடக்குக் கதவை இழுத்துப் பூட்டினார்.

சென்னைத் துறைமுகத்தில் அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். "பொண்ணு எப்டி கீது?" என்றார். அம்மா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "நல்லா கீறா. அங்க எல்லாமே கெடைக்குதுங்க. நம்ம பூந்தமல்லி கடைத்தெரு மாரியே கீது. ஒரு கொறயும் இல்ல." அப்பாவின் முகம் அப்படி மலர்ந்தது. தொழிற்சாலையில் எல்லோரிடமும் சொன்னார். "பினாங்குல எல்லாம் கெடைக்குதாம்பா. எம் பொண்ணு ராணி மாரி கீதாம்."

எனக்குக் கல்யாணம் ஆனது. அக்கா வரவில்லை. போட்டோ அனுப்பினோம். கடிதங்கள் வந்தன; 'இங்கு அனைவரும் நலம்' என்ற ஒரு வரியுடன் தாள் முழுவதும் காலியாக. பிறகு அவையும் குறைந்தன. நான் இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டு அயனம்பாக்கத்துக்கு வந்திருந்தபோது ஒரு பகலில் தந்தி வந்தது. காய்ச்சல் என்று இருந்தது. காரியங்கள் முடிந்துவிட்டதாக ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்தது, அத்தானின் அழகான கையெழுத்தில். அடுத்த வருஷமே அவர் மறுமணம் செய்துகொண்டதைச் சேலை வியாபாரி சொல்லித் தெரிந்துகொண்டோம். என்ன காய்ச்சல் என்று கேட்டு அப்பா மூன்று கடிதம் எழுதினார். பதில் இல்லை. தன் மகள் ஒரு குறையும் இல்லாமல் வாழ்ந்து காய்ச்சலில் போனாள் என்று நம்பிக்கொண்டே அவரும் போய்ச் சேர்ந்தார். அவரிடம் அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது நான் கொரட்டூரில் இருக்கிறேன். என் மகள் குளிர் நாடு ஒன்றில் வசிக்கிறாள். போனில் படம் காட்டிப் பேசுவாள். போன மாதம் அங்கே ஒரு கடைக்குள் நின்றுகொண்டு, "பாரும்மா, இட்லி மாவு, முருங்கைக்காய், கறிவேப்பிலை, எல்லாம் இருக்கு!" என்று அலமாரி அலமாரியாகக் காட்டினாள். "நீயேதான் கடைக்கு வந்தியா? தனியா வந்தியா?" என்று கேட்டேன். "வேற யாரு வருவா?" என்று சிரித்தாள். அவளுக்குப் பெரியம்மா ஒருத்தி இருந்தாள், வெளியூரில் இறந்துபோனாள் என்பது மட்டும் தெரியும்.

அம்மா கடைசி வருஷம் என்னோடுதான் இருந்தாள். கண் மங்கிவிட்டது. ஒருநாள் மத்தியானம், கேட்காமலேயே, "அந்தக் கடைக்காரரு நாலு பேரக் கூட்டிகினு வரேன்னாரே. நான் வாணான்ட்டேன்" என்றாள்.

"நானும்தாம்மா கூட இருந்தேன். நானும் பேசல."

தடவிப் பார்த்து என் கையைப் பிடித்தாள். "நீ இன்னாடி பண்ணுவ? நீ சின்னவ."

 அவள் கை என் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது. நான் சின்னவள் இல்லை. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அக்கா கப்பலேறியபோது இருந்ததைவிட நான்கு வயது கூடுதல்.